நீர்ப்பாய்ச்சி நெட்ராவின் ரிவால்வர்

நெட்ரா ஹாஸ்லம் வேலையை விட்டதற்கு யார் காரணம் என்று எங்கள் ஹார்ட்லி பள்ளத்தாக்கில் கேட்டுப் பாருங்கள். பாய்ட் டோல்மன் என்பார்கள் பாதிப்பேர். மழையில்லாத அந்த வருஷம் என்பார்கள் மீதிப்பேர். இரண்டும் இல்லை. நான்தான். லமார் க்ரோஷா என்கிற இந்த வாயாடிக் கிழவன்தான். இதை யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நெட்ராவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்து இருக்கை. அப்போதே அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பென்சில் சீவப் போகிறேன் என்று அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவாள். கல்யாணமாகி, பிள்ளைகள் பெரியவர்களாகி ஊரைவிட்டுப் போய், புருஷன் டெல் மாரடைப்பில் செத்த பிறகு அந்தப் பரபரப்பு இன்னும் மோசமானது. வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று தெருவில் நடந்துகொண்டே இருப்பாள். அந்த நேரம் பார்த்து வாய்க்கால் சங்கம் நீர்ப்பாய்ச்சி வேலைக்கு ஆள் தேடியது. மலையிலிருந்து வரும் கால்வாய்க் கரையில் பத்தொன்பது மைல், முப்பத்துநான்கு மதகு. எந்தப் பண்ணைக்கு எந்த நாள் முறை என்று பார்த்து மதகுச் சக்கரத்தைத் திருகித் திறக்க வேண்டும். முறை முடிந்ததும் மூட வேண்டும். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பத்து வருஷம் பார்த்தாள். வேலையா அது, அவளுக்கு உயிர். காலையில் வண்டியை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு மதகிலும் யாராவது காத்திருப்பார்கள். ஒரு வீட்டில் ஆப்பிள் கேக், அடுத்த வீட்டில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு. நின்றபடியே தின்று, நின்றபடியே ஊர்வம்பு கேட்டு, அதை அடுத்த மதகில் கொண்டுபோய் இறக்குவாள். யார் பெண்ணுக்குக் கல்யாணம், யார் மாடு கன்று போட்டது, எல்லாம் வாய்க்கால் தண்ணீரோடு சேர்ந்து ஓடும். "நான் தனியா இருக்கேன்னு எவன் சொன்னது? எனக்கு முப்பத்துநாலு சமையல்கட்டு இருக்கு" என்பாள்.

எங்கள் பக்கத்தில் நீர்ப்பாய்ச்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. என் தாத்தா காலத்தில் நீர்ப்பாய்ச்சி ஒருவன், தண்ணீர்த் தகராறில் அண்ணன் தம்பி இரண்டு பேரை மதகு மேட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றான். அன்றிலிருந்து முறை பார்க்க வருகிறவர் கையில் மண்வெட்டியும் நோட்டும்தான் இருக்கலாம். ஊரில் எல்லோர் வண்டியிலும் துப்பாக்கி தொங்கும்; பள்ளிக்கூட வாத்தியார் வண்டியில்கூடத் தொங்கும். நீர்ப்பாய்ச்சியிடம் மட்டும் இருக்கக்கூடாது. எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை இது. எழுதிவைத்த சட்டங்களை மீறியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம், இதை மீறியவர் ஒருவரும் இல்லை.

நான் பண்ணைச் சாமான் கடையில் துப்பாக்கி விற்கிறவன். உரமூட்டை, முள்கம்பி, மாட்டு மருந்து எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் என் கண்ணாடி மேஜை. முப்பது வருஷம் அதே மேஜை. எனக்குத் தெரியாத துப்பாக்கி உலகத்தில் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

அந்த வருஷம் மலையில் பனி சரியாகப் பெய்யவில்லை. ஜூலையிலேயே கால்வாய் பாதியாக இறங்கிவிட்டது. சங்கம் எல்லோருடைய முறையையும் பாதியாகக் குறைத்தது. இருபத்திரண்டாம் மதகு பாய்ட் டோல்மனுடையது. சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட் கிழங்கும் பார்லியும் போட்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் முன்கோபி. முறை இல்லாத நாளில் மதகைத் திறந்து வைத்திருந்தான். நெட்ரா போய் மூடினாள். அவன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, "இன்னொரு தடவை என் மதகுல கை வெச்சீங்க, வாய்க்கால்ல மிதப்பீங்க" என்று கத்தியிருக்கிறான். சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் அவனுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவளே நெட்ராதான்; எங்கள் சர்ச் வழக்கப்படி இன்றும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவான். வெயிலில் பேசுகிறான் பையன் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அந்த மதகின் பூட்டை யாரோ அறுத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் வண்டியின் முன்பக்க டயர் இரண்டையும் கத்தியால் கிழித்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் ஏழு மைல் நடந்து வந்தாள். பிறகு ஒரு காலையில் சக்கரத்தைத் திருகக் கையை நீட்டியவள் அப்படியே பின்னால் சாய்ந்திருக்கிறாள். சக்கரத்தில் கடித்தால் ஆளைக் கொல்லும் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றை உயிரோடு கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானமே என் மேஜைக்கு வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லமார், சின்னதா ஒண்ணு வேணும். வெளியே தெரியக்கூடாது."

"என்ன வேணும்? குண்டூசியா?"

"குண்டூசி வாங்க உன் மூஞ்சியைப் பார்க்கணுமா நான்? துப்பாக்கிடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், நீ நீர்ப்பாய்ச்சி!"

"அப்படியா? நல்லவேளை, ஞாபகப்படுத்தினே. அதனாலதானே வெளியே தெரியக்கூடாதுங்கறேன். இடுப்புல தொங்கவிட்டுட்டுப் போனா நாளைக்கே ஒருத்தியும் எனக்குக் கதவைத் திறக்கமாட்டா. பயந்துகிட்டு வேலையை விட்டுட்டு வீட்டுல கிடன்னு சொல்றியா? ஆறு மாசத்துல என்னைப் புதைச்சிடுவீங்க."

"ஷெரீஃப்கிட்ட சொல்லேன்."

"சொல்லாம இருப்பேனா? அறுபது மைல் தள்ளி உக்காந்துகிட்டு, பாம்பைக் கட்டினவன் பேர் என்னன்னு என்னையே கேக்கறான்."

அவள் கை மேஜைக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. பேசும்போது கால் மாற்றி மாற்றி நின்றாள். பயந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. மறைத்து வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு வேண்டுமே, அதற்கு அந்த அறுபது மைலும் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்தாள். இங்கே ஒரு குருவிக்கும் தெரியாது.

துப்பாக்கி தேர்ந்தெடுப்பதை ஏதோ செருப்பு வாங்குகிற காரியம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நெட்ராவோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் அப்பாவின் பழைய ஆறு தோட்டா ரிவால்வர் வீட்டில் இருந்தது. "அதை எடுத்துக்கயேன்" என்றதற்கு, "அதை மறைக்கறதும் ஒண்ணு, சட்டைக்குள்ள வான்கோழியை மறைக்கறதும் ஒண்ணு" என்றாள். எப்போதும் அவள் போடுவது, தோளில் பட்டை மாட்டி நெஞ்சையும் மூடுகிற கால்சட்டை. அதன் நெஞ்சு மடிப்புக்கு உட்புறம் பழைய பூட்ஸ் தோலை வெட்டி ஒரு பை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பைக்குள் அடங்க வேண்டும். மண் வெட்டும்போது இடிக்கக்கூடாது. வியர்வையிலும் வாய்க்கால் தண்ணீரிலும் துருப்பிடிக்கக்கூடாது. பாம்பு, வெறிநாய், மனுஷன் மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் மூன்று அங்குலக் குழல் வைத்த எஃகு ரிவால்வரைக் கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டு, பூட்ஸ் போட்டுப் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். விற்பனைக்கு வைத்திருந்த துடைப்பம் ஒன்றை உருவி மண்வெட்டியாகப் பாவித்து, குனிந்து வெட்டினாள், நிமிர்ந்தாள், இல்லாத சக்கரத்தைத் திருகினாள். துப்பாக்கிக் கனத்தில் நெஞ்சு மடிப்பு தொப்புள்வரை தொங்கியது. உரம் வாங்க வந்த ஹைரம் கிழவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கடையைக் கூட்டற வேலையும் சேர்த்துப் பார்க்கறியா?" என்றார். "ஆமாம், முதல்ல உங்களைக் கூட்டித் தள்ளப்போறேன், நகருங்க" என்றாள், நிமிராமலே.

இரண்டாவது அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பின்பக்கம் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த, தோட்டாவை அடிக்கிற சுத்தியல் பையின் தையலில் மாட்டிக்கொண்டது. வேகமாக உருவிப் பார்த்தாள். துப்பாக்கியோடு துணியும் கிழிந்து வந்தது. மூன்றாவது இறகு கனம்தான் இருக்கும். ஆகா, இதுதான் என்று குதித்தாள். ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் கொண்டுபோய்ச் சுட வைத்தேன். ஒரே வெடி. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினாள். கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது.

"இது துப்பாக்கியா, உதைக்கிற கழுதையா?"

"கனம் குறைஞ்சா உதை கூடும். ரெண்டும் ஒண்ணாக் கிடைக்காது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு உன் வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

நாலாவதில் காலூன்றினோம். இரண்டு அங்குலக் குழல், ஐந்து தோட்டா, துருப்பிடிக்காத உலோகம், சுத்தியல் உள்ளேயே மறைந்திருக்கும். மாட்டிக்கொள்ள வெளியே ஒன்றும் கிடையாது. கனம் இரண்டு ஆப்பிள் அளவு. ஒரே குறை, விசையைக் கடைசிவரை பலமாக இழுத்தால்தான் வெடிக்கும். "அது நல்லதுதான்" என்றாள். "இழுக்கற நேரத்துல யோசிச்சுக்கலாம்."

தோட்டா போடுவதில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. தோட்டா உருளையில் முதலில் வெடிக்கிற அறைக்குப் பாம்புத் தோட்டா. அதற்குள் குண்டு இருக்காது, கடுகு மாதிரி பொடி ஈயம் இருக்கும். பாம்பின் தலையைச் சிதைக்கும், மனுஷன் மேல் பட்டால் எரிச்சலோடு போகும், ரொம்பக் கிட்டத்தில் இல்லாதவரை. மீதி அறைகளில் குண்டு. என் கையாலேயே போட்டுக் கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா? புத்தி வேறு சொன்னேன்.

"பாய்ட் எகிறிக்கிட்டு வந்தா, முதல் தோட்டாவை அவன் காலைப் பார்த்து விடு. பொடி பட்டதும் துள்ளுவான் பாரு, அதோட அடங்கிடுவான். மீதியை நீ தொடவே வேண்டாம்."

அவள் துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பத்தாம் நாள், வியாழக்கிழமை. மாட்டு டாக்டர் ஒருவர் அதே மாதிரி ரிவால்வர் கேட்டு வந்தார். காலி ரிவால்வரை எடுத்து, விசை எவ்வளவு பலம் என்று காட்ட இழுத்தேன். உருளை சுழன்றது. மறுபடியும் இழுத்தேன். அடக் கடவுளே!

என் அப்பாவின் ரிவால்வர், நெட்ராவின் அப்பா ரிவால்வர், எங்கள் தலைமுறை பழகியதெல்லாம் உருளை வலப்பக்கம் சுழல்கிற வகை. இடப்பக்க அறைதான் முதலில் மேலே வரும். அதனால் பாம்புத் தோட்டாவை இடப்பக்க அறையில் போடுவது கைப்பழக்கம். இந்தப் புது ரிவால்வர் இடப்பக்கம் சுழல்கிறது. முதலில் மேலே வருவது வலப்பக்க அறை. அதில் நான் போட்டிருந்தது குண்டு. பாம்புத் தோட்டா நாலாவதாகத்தான் வரும். முப்பது வருஷம் துப்பாக்கி விற்கிற பெரிய மனுஷன், சிறு பிள்ளை செய்யாத தப்பைச் செய்திருக்கிறேன்!

பொடிதானே என்று நம்பி அவள் பாய்டின் காலைப் பார்த்துச் சுடுவாள். தொடையில் குண்டு இறங்கும். அறுபது மைல் தள்ளி ஆஸ்பத்திரி. அதற்குள் அவன் பிணம். பாய்டுக்கு மூன்று பெண் குழந்தைகள்.

சுவரில் முறை அட்டவணை தொங்கியது. வியாழன், நடுப்பகல், இருபத்திரண்டாம் மதகு மூடுதல். கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டாக இருபது நிமிஷம். செல்போனெல்லாம் எங்கள் பள்ளத்தாக்கை எட்டாத காலம் அது. "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று மாட்டு டாக்டரிடமே கடையை விட்டுவிட்டு ஓடினேன்.

பதினோரு மைல் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். நாலாம் மைலில் ஒரு மந்தை ஆடு ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஹார்ன் அடித்தேன், கத்தினேன், இறங்கி ஓடிப்போய் ஆட்டைக் காலால் தள்ளினேன். மேய்க்கிற ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். திரும்ப ஓடிவந்து வண்டியைக் கிளப்பினேன். என் வாயை எவனாவது அப்போதே தைத்திருக்கக்கூடாதா, காலைப் பார்த்து விடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது பிறகுதான் தெரிந்தது.

கால்வாயின் எதிர்க் கரையில்தான் பாதை முடிகிறது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். இருநூறு அடி தள்ளி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் மதகு மேடு. நெட்ராவும் பாய்டும் எதிர் எதிரே நின்றார்கள். பாய்ட் கையில் மண்வெட்டி. வேலியோரம் அவன் மனைவி ஷெரில், பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்ராவின் வலது கை நெஞ்சு மடிப்புக்குள் போனது.

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"நெட்ரா! சுடாதே! முதல் தோட்டா பொடி இல்லை, குண்டு! சுடாதே!"

தண்ணீர் மேல் குரல் நன்றாகவே போகும். எல்லோரும் திரும்பினார்கள். நெட்ராவின் கை மடிப்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

பாய்ட் என்னைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. மெதுவாக, போலீஸ்காரன் முன்னால் நிற்கிறவன் மாதிரி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். ஆறடி மூன்று அங்குலம் அவன்.

"சிஸ்டர் நெட்ரா, நீங்களா? துப்பாக்கியோடயா என் வயலுக்கு வந்தீங்க?"

நெட்ரா கையை வெளியே எடுத்தாள். கையில் இருந்தது நோட்டு. முறை எழுதுகிற நோட்டும் பென்சிலும்.

"கையை இறக்குடா, பாய்ட்."

அவன் இறக்கவில்லை.

"பாய்ட், நான் சொல்றேன்ல, கையை இறக்கு. நோட்டுதான் எடுத்தேன்."

"டயரைக் கிழிச்சது நான்தான்" என்றான் அவன். அழுதான். "பூட்டையும் நான்தான் அறுத்தேன். பாம்பு நான் இல்லை, சத்தியமா நான் இல்லை. குழந்தைங்க வீட்டுக்குள்ள இருக்காங்க, சிஸ்டர்."

"ஐயோ, கையை இறக்கித் தொலையேன்டா!" அவள் அலறினாள். நெட்ரா அலறி நான் கேட்டதில்லை. ஷெரில் வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாய்ட் கைகளை இறக்கவே இல்லை. நெட்ரா போய்ச் சக்கரத்தைத் திருகி மதகை மூடினாள். அத்தனை நேரமும் அவன் அப்படியே நின்றான். அவள் கரையில் இறங்கி நூறடி நடந்த பிறகுதான் அவன் கை கீழே வந்தது.

கீழ்ப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு என் வண்டிக்கு வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன காரியம் பண்ணினே, லமார்?"

"உருளை இடப்பக்கம் சுத்துது, நெட்ரா. நான் தப்பாப் போட்டுட்டேன். நீ பொடின்னு நினைச்சுச் சுட்டுடுவியோன்னு..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வாங்கின அன்னைக்கே வீட்டுல வெச்சுச் சுத்திப் பார்த்தேன். குண்டுதான் முதல்ல வரும்னு தெரியும். தெரிஞ்சேதான் அப்படியே விட்டேன். காலைப் பார்த்து விளையாட்டுக்குச் சுடறதா இருந்தா நான் அதைத் தொடவே மாட்டேன். தொட்டா, என் உயிர் போற நேரமா இருக்கணும். இது அந்த நேரம் இல்லை."

அவள் மண்வெட்டியை என் வண்டிமேல் சாய்த்துவைத்தாள்.

"அவன் சமாதானத்துக்கு வந்துட்டான்டா. கிழங்கு கருகுதுன்னு அழுதான். ஹைரம் இந்த வாரம் தண்ணி வேண்டாம்னு விட்டுட்டாரு. அதை இவனுக்கு எழுதித் தரலாம்னுதான் நோட்டை எடுக்கப் போனேன். டயரைப் பத்தி அவனே சொல்லுவான்னு எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா?"

"நெட்ரா, நான் உன்னைக் காப்பாத்தத்தானே..."

"யாருக்கும் தெரியாம வெச்சுக்கத்தானே உன்கிட்ட வாங்கினேன்!" என்று கத்திவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த மதகு இருபத்துமூன்று. அங்கே போய்த்தானே ஆகவேண்டும்.

யாரும் அவளைத் திட்டவில்லை. சங்கமும் ஒன்றும் கேட்கவில்லை. பாம்பைக் கட்டியது யாரோ, கடைசிவரை தெரியவில்லை. அவள் தன்னைக் காத்துக்கொண்டதில் தப்பென்ன என்றுகூடச் சிலர் பேசினார்கள். திட்டியிருந்தாலாவது அவள் திருப்பித் திட்டியிருப்பாள். ஊர் வேறொன்று செய்தது. மறுநாள் பதினாலாம் மதகில் ஒரு ஆள், அவள் வருவதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினான். "சுட்டுடாதீங்க சிஸ்டர், என் முறை முடிஞ்சுபோச்சு!" நெட்ராவும் சிரித்தாள். அடுத்த மதகிலும் ஒருவன் தூக்கினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலேயே ஹைரம் கிழவர் ஊன்றுகோலோடு சேர்த்துக் கையைத் தூக்கினார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலிதான், யாருக்கும் மனசில் விஷம் கிடையாது. ஆனால் கேலி செய்கிறவர்கள் அதைச் செய்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். கேக் வந்தது, வேலிக் கம்பத்தின் மேல் தட்டில் வைத்து மூடியிருந்தது. எலுமிச்சைச் சாறும் வந்தது. கூட நின்று பேச ஆள் வரவில்லை. அவள் நெஞ்சு மடிப்பைப் பார்த்துக்கொண்டே எப்படி ஊர்வம்பு பேசுவார்கள்?

துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "இன்னைக்கு இல்லை" என்று மடிப்பை விரித்துக் காட்டினாளாம். அதற்கும் சிரித்தார்கள். நம்பவில்லை.

ஆகஸ்ட் முடிவதற்குள் நோட்டையும் மதகுச் சாவிகளையும் சங்கத்தில் கொடுத்துவிட்டாள். நெவாடாவில் தங்கை வீட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. உரமூட்டைகளைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள். ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் நெஞ்சு மடிப்புக்குள் கையை விட்டாள்.

ரிவால்வரைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அறுபது வருஷப் பழக்கம், அவளைத் தெரியாதா எனக்கு? தெரிந்தும் என் கைகள் இரண்டும் தாமாக மேஜையைவிட்டு எழும்பித் தோள் உயரத்துக்குப் போய் நின்றன. கேலி இல்லை. சத்தியமாகக் கேலி இல்லை. பயந்துவிட்டேன்.

நெட்ரா என் கைகளைப் பார்த்தாள். பிறகு ரிவால்வரை எடுத்து, குழல் தன் பக்கம் இருக்கும்படி கண்ணாடி மேல் வைத்தாள்.

"காலிதான் அது" என்றாள். "கையை இறக்கு, லமார்."

திரும்பி, உரமூட்டைகளுக்கு நடுவே நடந்து போனாள். வாசல் கதவு சாத்திக்கொள்கிற சத்தம் கேட்ட பிறகுதான் என்னால் கையை இறக்க முடிந்தது.